சென்ற வாரப் பொய்

கண்காட்சி சனிக்கிழமை. அதற்காகக் கல்லூரிக் கட்டடம் முழுக்கச் சாயம் அடிக்கிறார்கள். அந்த வாடை இன்னும் என் சட்டையில் இருக்கிறது. காலையில் கணினிக் கூடத்து வாசலில் சாயம் அடிக்கும் அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, இந்தக் கதவுல யாரும்மா இவ்ளோ பேப்பர் ஒட்டுனது? அட்ட மாதிரி கனத்துப் போயிருக்கு. நீயே உரிச்சிக் குடுத்துரு லா."

ஒட்டியது நான்தான். எனக்கு முன்னால் நீ.

சுரண்டியை வாங்கி உரிக்க ஆரம்பித்தேன். என்னுடைய தாள்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்தன, போன வாரம், அதற்கு முந்தைய வாரம், போன மாதம். முப்பது இருக்கும். என் தாள்களுக்கெல்லாம் அடியில் உன்னுடைய கடைசித் தாள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான்கு பக்கமும் டேப் போட்டு அதை மூடியவளே நான்தானே. இன்னொரு கண் அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், என் கண் பார்க்கக் கூடாது என்றுதான்.

கணினி விளையாட்டு வடிவமைப்புப் பிரிவுக்கு ஒரு செய்தித் தாள் வேண்டும் என்று நீதான் கிளம்பினாய். எந்த நிறுவனம் ஆள் எடுக்கிறது, எது ஆளைக் கழிக்கிறது, எந்த மென்பொருளுக்குக் கட்டணம் ஏறுகிறது, வளாகத்தில் என்ன நடக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு தாள், தாளுக்கு ஐந்து செய்தி. மின்னஞ்சலில் அனுப்பினால் போதாதா என்று கேட்டேன். "மெயில்ல அனுப்புனா எவன்டி படிக்கிறான்? கதவுல ஒட்டு. உள்ள வரணும்னா படிச்சித்தான் ஆகணும்," என்றாய்.

அப்படியும் யாரும் படிக்கவில்லை. அதனால் ஒரு வேலை செய்தாய். ஐந்தில் ஒன்று பொய். அது எது என்று முதலில் கண்டுபிடித்துச் சொல்பவருக்குக் கேண்டீனில் ஒரு தே ஐஸ், ஐஸ் போட்ட டீ, உன் செலவில். அடுத்த வெள்ளிக்கிழமைத் தாளின் தலையில் விடை இருக்கும்: 'சென்ற வாரப் பொய்: மூன்று.' அடேயப்பா, அதற்குப் பிறகு கதவடியில் நின்ற கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! வெளிநாட்டு நிறுவனம் ஒன்று டுரியான் பொறுக்கும் விளையாட்டு செய்கிறது என்று ஒரு வாரம் எழுதினாய். எல்லாரும் அதில் போய் விழுந்தோம். அது உண்மை. நூலகம் ஆறு மணிக்கு மூடும் என்று சாதுவாக ஒரு வரி கிடந்ததே, அதுதான் பொய்.

"பொய்ய நம்புற மாதிரி எழுதணும்டி. உண்மைய எப்படி எழுதுனாலும் எவனும் நம்பமாட்டான்," என்பாய். பெரிய ஞானி மாதிரி கண்ணை வேறு மூடிக்கொள்வாய்.

நாம் இருவரும் சேர்ந்து செய்த விளையாட்டிலும் அந்தப் புத்திதான். 'பின்சீட்' என்று பெயர் வைத்தாய். பெடாஸ் பக்கத்தில் உங்கள் தோட்டம், செம்பனைக் காடு, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வரிசை. விளையாடுபவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுவார். பின்னால் உட்கார்ந்திருப்பவள் வழி சொல்லிக்கொண்டே வருவாள், ஒரு பயணத்தில் ஒரே ஒரு பொய் சொல்வாள். நான் வரைந்தேன், நீ நிரல் எழுதினாய். பின்சீட்டுக்காரியின் குரலும் உன்னுடையதே. உங்கள் வீட்டில் போர்வைக்குள் உட்கார்ந்து வியர்க்க வியர்க்கப் பதிவு செய்தோம். உங்கள் லயத்து வீடுகளில் தமிழ்க் குடும்பம் மூன்றுதான் மிச்சம். பக்கத்து வீட்டு வங்காளதேசத் தொழிலாளிகள் வளர்த்த சேவல் சரியாக நீ வாயைத் திறக்கும்போதுதான் கூவும். நான் கத்தினேன். நீ சிரித்தாய். "இருக்கட்டும் லா, தோட்டத்துல சேவ கூவாம மாடா கூவும்?" கடைசியில் சேவலோடுதான் விளையாட்டு முடிந்தது.

அன்று உன் முழங்கைக்கு மேலே நீலமாக ஒரு தடிப்பைப் பார்த்தேன். இன்னொன்று கெண்டைக்காலில். "என்னடி இது?" என்றேன். "மோட்டார்ல இடிச்சிக்கிட்டேன்," என்றாய். நம்பினேன். நீ வாயால் சொன்ன பொய்யை நம்பியவள், பிறகு நீ எழுதி ஒட்டிய உண்மையை நம்பவில்லை. இதைத்தான் எட்டு மாதமாக மென்று விழுங்க முடியாமல் இருக்கிறேன்.

உன் கடைசித் தாள் இப்போது என் மடியில் இருக்கிறது. ஒரு மூலை கிழிந்துவிட்டது, மன்னித்துக்கொள். ஐந்தும் அப்படியே இருக்கின்றன. ஒன்று, கோலாலம்பூரில் ஒரு நிறுவனம் பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்புகிறது. இரண்டு, நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்கு மாணவர் சலுகை குறைகிறது. மூன்று, கூடத்தின் ஏர்கோன் வியாழக்கிழமைக்குள் சரியாகிவிடும். நான்கு, இந்தத் தாளின் ஆசிரியர் திங்கள் முதல் வகுப்புக்கு வரமாட்டார், மருத்துவமனையில் சேருகிறார். ஐந்து, ஆண்டிறுதிக் கண்காட்சியில் 'பின்சீட்' மேசை ஏழில், நாங்கள் இருவரும் நிற்போம்.

அந்த வெள்ளிக்கிழமை தாளை ஒட்டிவிட்டு நீ பஸ் பிடிக்கப் போய்விட்டாய். நான் பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: 'நாலு. ஈஸி லா.' கூடவே சிரிக்கும் முகம் மூன்று. நீ பதில் போட்டாய்: 'டீ உனக்குத்தான்.'

திங்கட்கிழமை நீ வரவில்லை. நான் வகுப்பு முழுக்கச் சொன்னேன், "பாருங்க, ஒரு பொய்ய உண்மையாக்கறதுக்கு லீவு போட்டு நடிக்கிறா!" எல்லாரும் சிரித்தார்கள். செவ்வாய்க்கிழமை உனக்கு எழுதினேன், 'போதும்டி நடிப்பு, விருது குடுத்துட்டோம்.' புதன்கிழமை, 'டீக்குப் பயந்து ஓடிட்டியா?' மூன்று நாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. வியாழக்கிழமை மதியம் ஏர்கோன் உண்மையிலேயே ஓடியது. அந்தக் குளிரில் உட்கார்ந்துகொண்டு உன் எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தது உன் அம்மா. "உன் மெசேஜெல்லாம் படிச்சிக் காட்டச் சொல்லுவாம்மா. கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறா," என்றார். அதற்குப் பிறகுதான் நோயின் பெயரைச் சொன்னார். இரத்தப் புற்றுநோய். இன்றுவரை நான் அந்த ஏர்கோனுக்குக் கீழே உட்காருவதில்லை.

சிரம்பான் மருத்துவமனையில் உன் கட்டிலடியில் நின்று சண்டைதான் போட்டேன். எனக்கு வேறென்ன தெரியும்?

"ஏன்டி சொல்லல?"

"சொன்னேனே. நாலாம் நம்பர்."

"நேர்ல சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?"

"நேர்ல சொன்னா நீ அழுவ. நீ அழுதா மூஞ்சப் பாக்க சகிக்காது." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டாய், "சரி, நாலு இல்லன்னா, அப்ப பொய் எது? கண்டுபிடிச்சியா?"

"அத விடு லா, இப்ப அதுவா முக்கியம்?" என்று எரிந்து விழுந்தேன்.

"டீ போச்சு," என்று சிரித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். அவ்வளவுதான் நம் பேச்சு. அடுத்த முறை வந்தபோது உனக்கு நினைவு தப்பியிருந்தது. நீ போன அன்று உன் வீட்டு வாசலில் அந்த வங்காளதேசத்துப் பையன்கள்தான் நாற்காலி தூக்கிப் போட்டார்கள். எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது சேவல் கூவியது. நான் எழுந்து போய்ச் சாலையில் நின்றேன்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைத் தாளை நான் எடுத்துக்கொண்டேன். ஐந்து செய்தி, ஐந்தும் உண்மை. கதவடியில் கூட்டம் கரைந்துபோனது. "அக்கா, முன்ன ஒரு பொய் இருக்குமாமே?" என்று முதலாண்டுப் பெண் ஒருத்தி கேட்டாள். அவளிடம் வள்ளென்று விழுந்தேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

'பின்சீட்'டை நான் திறக்கவே இல்லை. மேசை ஏழு இன்னும் நம் இருவர் பெயரில்தான் இருக்கிறது. குரலை மட்டும் வேறு பெண்ணை வைத்து மாற்றிவிடலாமே என்று சார் நல்ல மனத்தோடுதான் சொன்னார். என்னால் அந்தக் குரலைக் கேட்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. இன்று ஐந்து மணிக்குள் இறுதிப் பட்டியல் கேட்டிருந்தார். 'மேசை ஏழை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், சார்' என்று எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்டுதான் கதவைச் சுரண்ட வந்தேன்.

தரையில் உட்கார்ந்து உன் தாளை விரல் வைத்து எண்ணினேன். ஒன்று உண்மை; அங்கே வேலை பார்த்த சீனியர் இப்போது தம்பின் ஊரில் அப்பாவின் கடையில் நிற்கிறார். இரண்டு உண்மை, கட்டணம் கூடிவிட்டது. மூன்று உண்மை, அந்தக் குளிர் இன்னும் என் முதுகில் இருக்கிறது. நான்கு உண்மை.

மிச்சம் ஐந்து.

அடிப் பாவி. கண்காட்சிக்கு எட்டு மாதம் இருக்கும்போதே உனக்குத் தெரிந்திருக்கிறது. வர முடியாது என்று தெரிந்துகொண்டே 'நாங்கள் இருவரும் நிற்போம்' என்று எழுதி, அதற்கு டேப் ஒட்டி, பஸ் பிடித்துப் போயிருக்கிறாய். கட்டிலில் அதைத்தானே என்னிடம் கேட்டாய். நான் சொல்லியிருந்தால் நீ இன்னும் ஏதாவது பேசியிருப்பாய். சொல்லவில்லை. சாயக்கார அங்கிள் ஏணியை விட்டு இறங்கி வந்து, "என்னம்மா, கையக் கிழிச்சிக்கிட்டியா?" என்று கேட்குமளவுக்கு அழுதேன். ஆமாம், சகிக்காத மூஞ்சிதான்.

பிறகு உள்ளே போய் 'பின்சீட்'டைத் திறந்தேன். வேண்டுமென்றே ஏர்கோனுக்குக் கீழே உட்கார்ந்தேன். இருட்டுத் திரையில் முதலில் சேவல் கூவியது. அடுத்து நீ, என் தோளுக்குப் பின்னால், அத்தனை பக்கத்தில்: "ஹெல்மெட் போட்டியா? சரி, கிளம்பு லா." திரும்பிப் பார்த்தேன், தெரியுமா? யாரும் இல்லை என்று தெரிந்தும் பார்த்தேன். நீ இடம் என்றால் இடம், வலம் என்றால் வலம், செம்பனைக்குள் ஓட்டினேன். மூன்று முறை வழி தவறினேன். கடைசியில் வழக்கம்போலக் கேட்டாய், "ஒரு பொய் சொன்னேன், எதுன்னு கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சிட்டேன்டி," என்றேன். வாய்விட்டே சொன்னேன்.

சாருக்கு வேறு செய்தி அனுப்பினேன்: மேசை ஏழு எங்களுடையது, குரல் மாறாது. கதவில் சாயம் காய்ந்ததும் இந்த வாரத் தாளை ஒட்டுவேன். தலையில், எட்டு மாதம் தாமதமாக, 'சென்ற வாரப் பொய்: ஐந்து' என்று இருக்கும். இந்த வாரமும் ஐந்து செய்திகள், அதில் ஒன்று பொய்; வெகு நாளைக்குப் பிறகு சாதுவாக ஒரு பொய் எழுதியிருக்கிறேன், நீயாக இருந்தாலும் ஏமாறுவாய். ஐந்தாவது மட்டும் உன்னுடைய வரி, ஓர் எழுத்துகூட மாற்றாமல்: 'பின்சீட்' மேசை ஏழில், நாங்கள் இருவரும் நிற்போம்.

அதுதான் பொய் என்று யாராவது சொல்லிக்கொண்டு வரட்டும். அவர்களுக்குத் தே ஐஸ் கிடையாது.