ரொட்டி யாரு சுட்டா?

அக்கா,

கேகாலையில பஸ் மாறி, ஊருக்குப் போற புளத்கொகுபிட்டிய பஸ்ல ஜன்னல் பக்கம் ஒக்காந்து எழுதுறேன். போன்ல எடம் முடிஞ்சிருச்சாம். "பழைய வொய்ஸ் மெசேஜ் எல்லாம் அழிக்கவா?"ன்னு கேக்குது. அந்த வரிசையில மேலயே நீங்க இருக்கீங்க. பத்தொம்பது செக்கன். நீங்க கடைசியா அனுப்புனது.

போன மடியில கவுத்து வச்சேன். ரெண்டு ஊர் தாண்டின பொறகுதான் திரும்ப எடுத்தேன்.

டவுன் டிஸ்பென்சரியில நம்பர் குடுக்குற வேலை ஒங்களுக்கு. நம்பர் குடுக்குறது பேருக்குத்தான். டொக்டருக்குத் தமிழ் வராது. நம்ம தேயிலத் தோட்டத்து லயத்து ஆளுங்க சந்தையில சிங்களத்துல மீனுக்கு பேரம் பேசுவாங்க, டொக்டர் முன்னால போனா தமிழே வராது. "ஒன்னும் இல்லீங்க ஐயா, சும்மாத்தான்." அதோட வாய மூடிக்குவாங்க. நடுவுல நின்னு பேசுனது நீங்க.

நான் அந்த நேரம் பைத்தியம் மாதிரி இருந்தேன் அக்கா. வீடியோ பாத்துப் பாத்தே எல்லாம் படிச்சு, தமிழ்ல பேசுனா சிங்களத்துல சொல்ற ஒரு ஆப் செஞ்சிருந்தேன். நானே செஞ்சது! ஒரு சனிக்கெழம அத எடுத்துக்கிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தேன். "டேய், என் வேலைக்கு உல வைக்க வந்தியா?"ன்னு சிரிச்சீங்க. ஆனா டொக்டர் மேசையில நீங்கதான் எடம் ஒதுக்கிக் குடுத்தீங்க.

மேல் டிவிசன்ல கொழுந்து எடுக்குற ஒரு அம்மா வந்து ஒக்காந்துச்சு. "ஒன்னும் இல்லீங்க ஐயா, சும்மா தலவலி." போன் டக்குன்னு சிங்களத்துல சொல்லிருச்சு, ஒரு சொல்லு தப்பில்ல. "ஷா, நியமாய் மல்லி!", பிரமாதம் தம்பின்னு டொக்டர் என் தோள்ல தட்டுனாரு. நான் அப்படியே பறந்தேன். அவரு மாத்திர எழுத பேனாவ எடுத்தாரு.

நீங்க கதவுகிட்ட இருந்தே கேட்டீங்க: "ஏங்க, இன்னைக்கு ரொட்டி யாரு சுட்டா?"

அந்த அம்மா எடது கைய மடியில எடுத்து வச்சுக்கிட்டு சொன்னிச்சு: "மகதான் சுட்டுச்சு. எனக்கு குனிஞ்சா கண்ணு இருட்டிக்கிட்டு வருது. எடது கை வேற சரியா மடங்கல..."

நீங்க அத சிங்களத்துல சொன்னதும் டொக்டர் பேனாவ கீழ வச்சாரு. பிரஷர் பாத்தாரு. அந்த அம்மாவ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்துனாங்க. ரெண்டு மாசத்துல அது திரும்பவும் கொழுந்துக் கூடையோட நடந்துச்சு.

"ஒன் போனு நல்லாத்தான் கேக்குதுடா. பசிக்காதுல்ல, அதான் ரொட்டிய பத்தி கேக்கத் தெரியல"ன்னு கிண்டல் பண்ணீங்க. எனக்கு கோவம். "அடுத்த வேர்சன்ல அதையும் போடுறேன்"னு சொல்லிட்டு வந்தேன்.

அந்த ஆப்ப காட்டித்தான் மாவனல்லையில போன் கடையில வேலை கெடச்சுச்சு. ஒரே பிஸி. வர்ற வொய்ஸ எல்லாம் கேக்க நேரமில்லன்னு, அத எழுத்தா மாத்துற மாதிரி செஞ்சு வச்சேன். இழுவை, மூச்சு, பின்னால கேக்குற சத்தம் எல்லாத்தையும் வெட்டிட்டு, சுத்தமா ரெண்டு வரி. கடையில எல்லாருக்கும் காட்டிப் பீத்திக்கிட்டேன்.

அந்த வாரம் ஒங்களுக்கு டெங்குன்னு தெரியும். எப்படி இருக்குன்னு கேட்டேன். நீங்க அனுப்புன வொய்ஸ் என் போன்ல இப்படித்தான் வந்துச்சு: "காய்ச்சல் விட்டுருச்சு. ஒன்னும் இல்ல. அசதி மட்டும்."

நான் ஒரு இதயப் படம் போட்டேன். செவப்பு இதயம்.

மறுநாள் மத்தியானம் நீங்க இல்ல.

காய்ச்சல் விட்ட பொறகுதான் டெங்குல ரொம்ப கவனமா இருக்கணும்னு வர்றவங்க எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி அனுப்புனவங்க நீங்க. ஒங்களுக்கு வந்தப்ப "ஒன்னும் இல்ல"ன்னுட்டீங்க. நீங்களும் தோட்டத்து ஆளுதானே அக்கா.

செத்த வீட்டுல ஒங்கம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு சொன்னிச்சு: "மூணு நாளா அடுப்பே பத்தலப்பா. பேக்கரி பாண் வாங்கித்தான் தின்னோம். எந்திரிச்சு நிக்கவே முடியல அதுக்கு."

அன்னைக்குத்தான் லயத்துக்குப் பின்னால போயி அந்த வொய்ஸ மொத தடவ காதால கேட்டேன். "ஒன்னும்"னு சொல்லிட்டு ரெண்டு தடவ மூச்சு வாங்குறீங்க. அதுக்குப் பொறகுதான் "இல்ல" வருது. பின்னால ஒங்கம்மா, "தண்ணியாவது குடி புள்ள, எல்லாத்தையும் வாந்தி எடுத்துட்டியே"ன்னு அழுகுது. எல்லாம் அதுல இருந்துச்சு. வெட்டி எடுத்தது என் கை.

ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும். அதுவும் நீங்க என் முன்னாலயே கேட்ட கேள்வி.

இப்ப நான் எல்லா வொய்ஸையும் காதால கேக்குறேன். யாரு "ஒன்னும் இல்ல"ன்னாலும் ரொட்டி யாரு சுட்டான்னு கேக்குறேன். கடையில இருக்குற முஸ்லிம் அண்ணன், நாங்க நானான்னு கூப்புடுறவரு, "இவனுக்கு எப்பப் பாரு ரொட்டி ஞாபகந்தான்"னு சிரிக்கிறாரு. சிரிக்கட்டும்.

இன்னைக்கு காலயில எங்கம்மாவுக்கு போன் எடுத்தேன். "ஒன்னும் இல்லடா, லேசா ஒடம்பு வலி. நீ வேலையப் பாரு"ன்னுச்சு.

"ரொட்டி யாரும்மா சுட்டா?"

"பக்கத்து வீட்ல இருந்து குடுத்தாங்கடா..."

போன் இன்னும் அழிக்கவான்னு கேட்டுக்கிட்டே இருக்கு. வேண்டாம்னு அமத்திட்டேன். பஸ் டவுனுக்குள்ள வந்துருச்சு அக்கா. எறங்கி ஓடணும்.