சீமாட்டி வண்டி ஏறினாள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். குழந்தைக்குச் சளி விட்டதா? போனில் நீ சீமாட்டியைப் பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டேன். வாயில் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

குதிரைப் பயிற்சிப் பள்ளியை மூடியாயிற்று. மற்றக் குதிரைகள் எல்லாம் போய், அப்பாவின் செல்லமான இந்தப் பெண்குதிரை மட்டும்தான் மிச்சம் இருந்தாள். சேற்றைக் கண்டால் பட்டுப்புடவை கட்டியவள் மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைப்பாள் என்றுதானே அப்பா அவளுக்குச் சீமாட்டி என்று பேர் வைத்தார். மேட்டுப் பக்கம் பண்ணை வைத்திருக்கும் மாட்டு டாக்டரம்மா அவளை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் அவள் தானாக வண்டி ஏற வேண்டும், இழுத்து ஏற்றினால் வழியில் உதைத்துக் காலை முறித்துக்கொள்வாள், அப்படியானால் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏறாவிட்டால் தரகர் வருவார். அவர் ஆட்களிடம் கயிறும் தடியும் உண்டு, அவர்கள் கொண்டுபோகிற குதிரைகள் என்ன ஆகின்றன என்று யாரும் கேட்பதில்லை.

நம்மிடம் வருவதற்கு முன் ஓடுகிற லாரிக்குள் விழுந்து அடிபட்டவள் அவள். வண்டியின் ஏறுபலகையைக் கண்டாலே உடம்பெல்லாம் வியர்த்துவிடும். அப்பா பொறுமையாகப் பழக்கிப் பலகை வரை கொண்டுவந்திருந்தார், அதற்குள் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. மிச்சத்தை நான் செய்ய வேண்டியதாயிற்று. எடுத்ததுமே ஒரு முட்டாள்தனம் செய்தேன். அப்பாவின் லாயத்துச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தேன், அந்த வாசனைக்கு அடங்குவாள் என்று அதைப் போட்டுக்கொண்டு போனேன். மூக்கை வைத்து நன்றாக இழுத்து மோந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு தலையைத் தூக்கி, என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்துக் கனைத்தாள். மறுபடி மோந்தாள், மறுபடி வாசலைப் பார்த்தாள். அவர் பின்னால் வருகிறார் என்று நினைத்துவிட்டாள். அன்று ஓரடி நகரவில்லை. நானும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன், இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் என் ஸ்வெட்டரையே போட்டுக்கொண்டு போனேன். வண்டி ஓட்டுகிறவர் நீ சின்ன வயதில் ஹாரன் மாமா என்று கூப்பிட்டவர்தான். கல்யாணப் பொண்ணுகூட இவ்ளோ பிகு பண்ண மாட்டாம்மா, நான் ஒரு தூக்கம் போட்டுட்டு வரேன் என்றார். தூங்குங்க, குறட்டை மட்டும் விட்டுடாதீங்க, அதுக்கும் மிரளுவா என்றேன். பலகை ஓரத்தில் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து நின்றேன். என் நினைப்பு ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போகும்போதெல்லாம் அவள் காது பின்னால் மடியும், என் கையைப் பார்த்தால் கயிற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். அக்கம்பக்கத்தாரிடம் சிரித்துச் சமாளித்துவிடலாம், இவளிடம் முடியாது. அதனால் கண்முன் இருப்பதை மட்டும் அவளிடம் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். இது பலகை, இது ஈ, அதோ ஹாரன் மாமா வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். சொல்லிக்கொண்டே வந்தபோது, அவர் வரமாட்டார்டி, நான்தான் இருக்கேன் என்றும் வந்துவிட்டது. அதுவரை அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. குரல் உடைந்தது, ஆனால் கை இறுகவில்லை. அவள் ஒரு காலைப் பலகையில் வைத்தாள். எடுத்துக்கொண்டாள். எடுக்கட்டும் என்று விட்டேன்.

இப்படியே தினமும் நின்றோம். போன வாரம் ஒரு காலையில் முழுசாக ஏறி, என் பக்கத்தில் நின்று வைக்கோலை மென்றாள். நன்றாகப் பழக்கினால் போய்விடுவாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததுமே அவள் காது மடிந்தது. அந்த நினைப்பைத் தள்ளிவைத்துவிட்டு, வைக்கோலைப் பற்றிப் பேசினேன். நேற்று அவளை அனுப்பினோம். கதவைச் சாத்தித் தாழ்போடும் வரை நினைப்பிலும் நான் வேறெங்கும் போகவில்லை, அவளோடேயே இருந்தேன். வண்டி தெருமுனை திரும்பிய பிறகு லாயத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன், அப்பா போன அன்று வராத அழுகையும் சேர்ந்து வந்தது. சாயங்காலம் டாக்டரம்மா போன் செய்தார், தானே இறங்கித் தண்ணீர் குடித்தாளாம்.

அங்கே வந்து இரு என்றாய். யோசிக்கிறேன், அவசரப்படுத்தாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. போனில் அப்பா பேச்சு வந்தால் எனக்காக விழுங்கிவிட்டு வானிலையைக் கேட்கிறாயே, இனி அது வேண்டாம். எடுத்ததும் அப்பாவைப் பற்றியே பேசு. நான் பேச்சை மாற்றிக்கொண்டு எங்கும் போகமாட்டேன்.

உன் அம்மா