முதுகில் போட்ட கோடு

ஜூலை 8, செவ்வாய்

முதுகில் கொசு கடித்த இடம் கைக்கு எட்டவில்லை என்று சீப்பால் சொறிந்தேன். புத்தி! இப்போது உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கொதிக்கிறது. ஆவடி டாக்டர் எழிலரசி சிவப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ஜுரம் வந்தாலோ, கோட்டைத் தாண்டினாலோ உடனே போன் பண்ணுங்க. அட்மிட் ஆக வேண்டி வரலாம். தினம் பாக்கறதுக்கு வீட்ல யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றேன். எவன் இருக்கான்?

ஜூலை 9, புதன், காலை

போனைப் பின்னால் பிடித்துப் படம் எடுத்தேன். ஒன்றில் மின்விசிறி, ஒன்றில் என் காது. சே! வெள்ளானூருக்குக் குடிவந்து இரண்டு வருடம். சட்டையைக் கழற்றி முதுகைக் காட்ட ஓர் ஆள் இல்லை. கீழே வீட்டுக்காரர் ஏகாம்பரம் இருக்கிறார், மகன் ஓசூர் போனதிலிருந்து தனியாக. தண்ணி மோட்டார் சண்டைக்குப் பிறகு நாங்கள் பேசுவதில்லை.

சாயங்காலம்

வெட்கத்தை விட்டு ஏகாம்பரத்திடமே போனேன். பார்த்தவர் பதறிவிட்டார்.

"ஐயோ சார், கோட்டத் தாண்டி ஒரு வெரலு வந்துகீது!"

ஆஸ்பத்திரியில் படுத்தால் கூட யார் இருப்பது? அங்கேயே ஸ்பீக்கரில் டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"ஜுரம் இல்ல, வலி குறைஞ்சிருக்கில்ல? அப்ப பயப்படாதீங்க. மருந்துல கிருமி உடையுது. அதோட சுவர் துண்டு துண்டா சிதறும். அந்தத் துண்டைப் பாத்தே உடம்பு இன்னும் வேகமா சண்டை போடும். அந்தச் சண்டைதான் சிவப்பு. நாளைக்கும் பாத்துட்டுச் சொல்லுங்க."

"செத்தவன்கூட இன்னா சார் சண்ட?" என்றார் ஏகாம்பரம். சிரித்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

"அங்கியே நின்னுட்ச்சி சார்." டீ கொடுத்தார்.

ஜூலை 12, சனி

கோட்டுக்குள் சுருங்கிவிட்டதாம். ஈரத்துணியால் முதுகைத் துடைத்துவிட்டார். ஒரு மனுசன் என்னைத் தொட்டு எவ்வளவு காலம்! மாடிக்கு வந்து அழுதேன். நாற்பத்தாறு வயசில் இதுக்கெல்லாமா அழுவாங்க?

ஜூலை 19, சனி

காலையில் டாக்டர் பார்த்தார். "சுத்தமா ஆறிடுச்சு. தடமே இல்ல. இனிமே யாரும் பாக்க வேண்டியதில்ல."

நல்ல சேதிதான். ஆனாலும் பஸ்ஸில் வரும்போது மனசு என்னவோ போல இருந்தது.

சாயங்காலம் ஏகாம்பரத்திடம் சொல்லிவிடலாம் என்று கீழே போனேன். நான் வாய் திறப்பதற்குள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சட்டையைக் கழற்றினேன். நிதானமாகப் பார்த்தார்.

"இன்னும் லேசா செவப்பு கீது சார். நாளிக்கும் வந்து காட்டிட்டுப் போங்க."

"சரி, வர்றேன்" என்றேன்.