இரண்டு தடவை கூப்பிட்டான்

நாள் 41, காலை 6.10
நிலா முகாம். சமையல்காரி பவுனு எழுதுவது. காற்று சரி, தண்ணீர் சரி, ஆள்தான் இல்லை. நாலு பேரும் பனிச் சுரங்கத்தில் பழுது பார்க்கப் போயிருக்கிறார்கள். தினமும் எழுதி வைக்கச் சொல்லிவிட்டுப் போனான் இன்ஜினியர் குணாளன். என் கையெழுத்தைப் படிக்கப் போகிறவர்களை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

நாள் 43, பகல் 2.00
பூமியிலிருந்து டாக்டர் ரெஜினா: "தனியா இருந்தா இல்லாத குரலெல்லாம் காதுல விழும்க்கா. பயந்துராதீங்க."
"எங்க வீட்டுக்காரர் குறட்டையவே கேட்ட காது தாயி இது," என்றேன். சிரித்தது பொண்ணு.

நாள் 44, மாலை 5.20
கதவருகே ஸ்பீக்கரில் குணாளன் குரல். "பவுனக்கா." கொஞ்சம் பொறுத்து மறுபடி, "பவுனக்கா." வண்டி விளக்கு எதுவும் தெரியவில்லை. பேய் இரண்டு தடவைதான் கூப்பிடும், மனுஷன்தான் மூன்றாவது தடவையும் கூப்பிடுவான் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. பேசாமல் வெங்காயம் நறுக்கினேன். மூன்றாவது வரவில்லை. டாக்டர் சொன்னது சரிதான்.

நாள் 45, காலை 7.30
டாக்டர்: "சுரங்கம் சரிஞ்சிருச்சுக்கா, அங்கருந்து வந்த தகவல் இப்பத்தான் கிடைச்சுது. குணாளன் மட்டும் தப்பிச்சு நேத்து நடந்தே கிளம்பினாராம். வந்துட்டாரா?"
இரட்டைக் கதவு இது, வெளிக்கதவை உள்ளிருக்கும் விசையால்தான் திறக்க முடியும். திறந்தேன். வாசலிலேயே சாய்ந்து கிடந்தான். உடுப்பில் காற்று தீர்ந்திருந்தது. இரண்டு தடவை கூப்பிடத்தான் மூச்சு இருந்திருக்கிறது.

நாள் 46, நேரம் பார்க்கவில்லை
"பவுனக்கா." முதல் கூப்பாட்டிலேயே ஓடிப்போய்த் திறந்தேன். யாருமில்லை. மறுபடி கூப்பிட்டது, திறந்தேன். மறுபடியும்.
டாக்டர்: "அக்கா, வெளிய யாருமில்ல. திறக்கத் திறக்கக் காத்து போகுது. நாளைக்கு ஆள் வந்துரும், அதுவரைக்கும் கதவுகிட்டப் போகாதீங்க."
சரி என்றேன். குணாளன் கூப்பிட்டபோதும் வெளியே யாருமில்லை என்றுதானே இருந்தேன்.

நாள் 47
காற்று மீட்டர் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். இப்போது ஒரு கையை எடுத்துத்தான் எழுதுகிறேன்.
டாக்டர்: "பேசிட்டே இருங்கக்கா. என்னைக் கிண்டல் பண்ணுங்க. அக்கா?"
கதவுப் பக்கம் மறுபடி குரல். இந்தத் தடவை குணாளன் இல்லை. பொம்பளைக் குரல். என் குரல். முன்பு நான் சிரிக்கிற அதே சிரிப்பு.
பாவம், எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. இன்னும் ஒரு தடவைதான் கூப்பிட்டிருக்கிறாள். அடுத்ததற்கு அவளிடம் மூச்சு இருக்குமோ என்னமோ.
திறந்து விட்டுவிட்டு வந்து மிச்சத்தை எழு