பொங்கல் பானையில் கட்டிய களை

அன்புள்ள அம்மாவுக்கு, நியூசிலாந்திலிருந்து சுடர்விழி. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அறந்தாங்கியில் வெயில் ஏறிவிட்டதா?

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. பொங்கலன்று ஓடைக்கரையில் மஞ்சள் செடி மாதிரியே ஒன்றைப் பார்த்து, கிழங்கோடு பிடுங்கிப் பானையில் கட்டினேன். "கட்டுன கொத்த வீசாத, மண்ணுல ஊனி வையி" என்பீர்களே, அப்படியே கொல்லையில் ஊன்றினேன்.

போன வாரம் ஓடைக்கரையே பூத்துவிட்டது. பனிமூட்டத்துக்குள் மஞ்சள் கதிர்கள், அவற்றில் சிவப்பு இழைகள். அந்த வாசத்தில் எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே மறந்துபோனது. ஒரு கதிரை வீட்டுக்கார அம்மாவிடம் காட்டினேன். அவர் பதறிப்போய், நான் ஊன்றியதைத் தோண்டி ஒடித்துப் பார்த்தார். உள்ளே மஞ்சள் நிறமே இல்லை. அழகுக்காகக் கொண்டுவந்த இஞ்சி இனமாம், இப்போது காட்டையே மூடும் களையாம். சிறு துண்டு கிடந்தாலும் முளைத்துவிடுமாம். இருவரும் மண்டியிட்டு மண்ணைக் கிளறித் தேடினோம். கையில் மட்டும் வாசம் மிச்சம்.

கிழங்கு எதையும் தபாலில் அனுப்பிவிடாதீர்கள், இங்கே விடமாட்டார்கள். மஞ்சள் வெட்டுவதற்குள் நம் பாத்தியைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், அடுத்த முறை ஏமாறமாட்டேன். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள் அம்மா, செடியின் உயரம் தெரியவேண்டும்.

பஸ் வந்துவிட்டது.

சுடர்விழி