வளைவில் திரும்பாத பஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? அம்மா எப்படி இருக்கிறார்? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான் ஜாஸ்தி.

எங்கள் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறோம், ஆடுகிறவர் சொந்தமாக விமானக் கம்பெனி நடத்த வேண்டும். அதில் விமானங்களை ஒப்பிட்டு வாங்கும் பக்கம் என் பொறுப்பு. எந்த ஊருக்குப் பறக்கப்போகிறது என்றே கேட்காமல், இதுதான் சிறந்தது என்று பெரிய விமானத்துக்கே அது பச்சை டிக் போடும். ஊரையும் கேட்கும்படி மாற்றினேன். குழப்பமாக இருக்கிறது என்று மேனேஜர் அந்த மாற்றத்தைத் தூக்கிவிட்டார்.

வெள்ளிமலைக்கு ஓட்ட டிப்போவில் உங்களிடம் நீள பஸ்ஸைக் கொடுத்தபோது, "வளைவுல திரும்பவே திரும்பாது, இன்னாத்துக்கு இத்த குடுத்தானுங்க?" என்று கத்தினீர்களே, அதேதான்.

அப்புறம் உங்களுக்கு மாற்றிக் கொடுத்த சின்ன பஸ் மலையேறும் படம் ஒன்று அனுப்புங்கள், மேனேஜருக்குக் காட்ட வேண்டும். இங்கே மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், போக வேண்டும். இன்னொரு படத்தில் நீங்களும் அம்மாவும் பஸ் பக்கத்தில் நில்லுங்கள். அதை மேனேஜருக்குக் காட்டமாட்டேன்.

மகள்,
ஏஞ்சலின், புனே