இடது ஸ்பீக்கர்

மச்சான்,

சாவி ஷூ அலமாரியில். சூப் ஃப்ரிட்ஜில், சூடாக்கிக் குடி.

பதினோரு மணிக்கு சிடி பிளேயர் செட்டை வாங்க ஒரு பல் டாக்டர் வருவார். சொந்த சிடியோடு வருவார், விட்டால் கண்ணை மூடிக்கொண்டு, "ஆழம் இருக்கு" என்பார். சிரித்துவிடாதே. நானும் ஐந்து வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். செட்டைப் போடாமலே, விற்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிடு.

"அக்கா போய்ச் சேர்ந்து எட்டு மாசமாச்சு, தொடாத பெட்டி எதுக்கு மாமா?" என்று நேற்று நீ கத்தினாய். நியாயம்தான். அதனால்தான் விற்குமுன் சரிபார்க்க மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். இடது ஸ்பீக்கரின் பின்னால் எட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருந்தன. அப்படி இருந்தால் பாடுகிற குரல் நடுவில் நிற்காமல் சிதறிப்போகுமாம். அன்றைக்கு மாட்டிய நிபுணன் நான்தான்.

உன் அக்கா முதல் நாளே கேட்டாள்: "ஏங்க, பாடறவங்க எங்க நிக்கறாங்கன்னே தெரியலையே, சுவத்துக்குள்ளயா?" காதுக்குப் பயிற்சி வேண்டும் என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். அதற்குப் பிறகு அவள் சமையலறை ரேடியோவோடு நின்றுகொண்டாள். நான் தனியாக ரசித்தேன், தப்பான ஒயரை.

மெக்கானிக் மாற்றி மாட்டிவிட்டார். இன்னும் போட்டுக் கேட்கவில்லை.

தாளின் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது, இதையும் எழுதிவிடுகிறேன்: ஆறு மணிக்கு வந்துவிடுவேன். நீயும் பக்கத்தில் உட்கார். பாடுகிறவர் நட்டநடுவில் வந்து நின்றால், "அக்கா அப்பவே சொன்னா இல்ல?" என்று ஒருமுறை திட்டிவிடு. அதைச் சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை.